மாம்பொங் மேட்டில் நின்ற வண்டி

ஒபிரி பயந்த சுபாவம். இதை ஊரார் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவரே சொல்வார். இடி என்றால் பயம், போலீஸ் என்றால் பயம், மாமனார் வீட்டு நாய் என்றால் தெருமுனையிலேயே நின்றுவிடுகிற பயம். கானா நாட்டில் குமாசி நகரத்தின் வடக்கோரத்தில், சுவாமே பணிமனைப் பேட்டையில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இருபத்தெட்டை அங்கேயே எண்ணெய்ப் பிசுக்கில் கழித்தவர். காரியக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு வண்டியைப் பார்த்து "போகலாம்" என்று சொல்வதற்குள் அவருக்கு மூன்று தடவை வியர்த்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடம், லாரி ஒன்று தட்டும் சத்தத்தோடு வந்தது. "டேப்பெட் சத்தம்தான், போகலாம்" என்று அனுப்பிவிட்டார். தட்டியது டேப்பெட் அல்ல, அடியிலே பேரிங். எஜூசு சாலையில் இன்ஜின் வெடித்து லாரி பள்ளத்தில் இறங்கியது. டிரைவர் ஒரு காலோடு வீட்டுக்குப் போனார். அந்த டிரைவர் இன்றைக்கும் ஒபிரியைப் பார்த்தால் சிரித்துக் கையசைப்பார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும் இவருக்கு.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சூடாக ஓடி வந்து நிற்கிற வண்டியின் சத்தத்தை அவர் நம்புவதே இல்லை. "ஊரெல்லாம் சுத்தி வேர்த்து வந்தவன்கிட்ட குளிர்ஜுரம் இருக்கான்னு பாக்கச் சொல்றியா? விட்டுட்டுப் போ" என்பார். வண்டி இரவு முழுக்கக் கொட்டகையில் ஆறிக் கிடக்கும். விடிந்ததும் ஒபிரியே சாவியைத் திருப்புவார். முதல் பத்து வினாடிதான் அவருக்குக் கணக்கு. வால்வைத் தள்ளுகிற டேப்பெட் என்பது ஒரு சின்ன எஃகுக் கிண்ணம். உள்ளே ஆயில் நிறைந்து நின்றால் இடைவெளி இல்லை, சத்தமும் இல்லை. கிண்ணம் தேய்ந்தால் ஆயில் கசிந்துவிடும், இடைவெளி விழும், டிக் டிக் என்று அடிக்கும். எடுத்ததும் அடித்து உடனே ஓய்ந்தால் நாள் இருக்கிறது. சூடேறியும் ஓயவில்லை என்றால் தேய்ந்தது தேய்ந்ததுதான். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மூடியின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எத்தனையாவது கிண்ணம் என்றும் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை கேட்பார்.

ஜனவரி மாதம், வடக்கேயிருந்து தூசிக்காற்று இறங்கி உதடு வெடிக்கிற நாட்களில், ஒரு வியாழக்கிழமை நிமோ வந்தான். நிமோவுக்குச் சொந்தமாக ஒரு சவ வண்டி. பழைய வேன், பின்பக்கம் சவப்பெட்டி வைக்கத் தளம், இரு ஓரமும் சொந்தக்காரர்கள் உட்காரப் பலகை. இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு நடுவே மூடிக்குள் இருக்கிறது. அந்த வண்டியின் டேப்பெட்டுகள் எட்டும் தேய்ந்து போயின என்று ஒபிரி டிசம்பரிலேயே சொல்லியிருந்தார். வேறொரு பழைய இன்ஜினிலிருந்து கழற்றிய நல்ல செட் திங்கட்கிழமை வரவேண்டியது.

"திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது மாஸ்டர். சனிக்கிழமை சவாரி இருக்கு."

"ஓடும்பா. சத்தம்தானே போடுது. மெதுவா ஓட்டு."

"சத்தம்தான் மாஸ்டர் வினையே." நிமோ குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? பாதி வழியில பின்னாடி ஒரு கிழவி, டிக் டிக்னு கேக்குது, உள்ள இருந்து தட்டுறாருன்னு கத்திட்டா. நடுரோட்டுல பெட்டியை இறக்கித் திறந்து பாத்துட்டுத்தான் விட்டாங்க. அவரு நல்லாத்தான் செத்திருந்தாரு."

ஒபிரி சிரித்தார். நிமோ சிரிக்கவில்லை.

"இந்தச் சனிக்கிழமை இன்னும் மோசம். டார்கோன்னு கொக்கோ மண்டியில இருந்தவரு. ராத்திரி பொண்டாட்டி போட்ட சோத்தைத் தின்னுட்டுப் படுத்தவரு எழுந்திரிக்கல. டாக்டரு இதயம்னு எழுதிக் குடுத்தாச்சு. ஆனா அவங்க தாய்வழி ஆளுங்க வாயி அவ சோத்தையேதான் சுத்துது. அந்த வண்டியில டிக்குன்னு ஒரு சத்தம் வந்தா என்ன ஆகும்? நீயே சொல்லு."

என்ன ஆகும் என்று ஒபிரிக்குத் தெரியும். அவருடைய பாட்டன் காலத்தில் பெட்டியைத் தலையில் சுமந்து ஊரைச் சுற்றுவார்கள். பெட்டி யார் பக்கம் முட்டித் தள்ளுகிறதோ அவர்தான் கொன்றவர் என்று தீர்ப்பு. அரசாங்கம் அதை எப்போதோ தடை செய்துவிட்டது. நினைப்பைத் தடை செய்ய அரசாங்கத்தால் ஆகுமா?

அதனால்தான் ஒபிரி தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தை வெள்ளிக்கிழமை செய்தார். இன்ஜின் ஆயிலை இறக்கிவிட்டு, பாதிக்குப் பாதி கியர் ஆயிலைக் கலந்து ஊற்றினார். பழைய காரை விற்கிற தரகர்கள் செய்கிற வேலை அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பாகு போன்ற ஆயில் கிண்ணங்களுக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. சத்தம் அறவே நின்றது. பூனை நடந்தால்கூட அதைவிடக் கேட்கும்.

"கையை எடுத்துக் கும்பிடணும் மாஸ்டர்" என்றான் நிமோ. பிறகு அவன் சொன்னதை ஒபிரி எதிர்பார்க்கவில்லை. "நாளைக்கு நீயும் கூட வா. நீ சரின்னு சொன்ன வண்டி. நீ உக்காந்தா எனக்கு தைரியம்."

தைரியத்துக்கு ஆள் பிடித்தான் பாருங்கள்.

சனிக்கிழமை காலை பிணவறை வாசலில் மான்ஸாவை ஒபிரி முதல் தடவையாகப் பார்த்தார். டார்கோவின் மனைவி. நாற்பது வயதிருக்கும். பேட்டைக்கு அந்தப் பக்கத்தில் ரொட்டி சுட்டு விற்கிறவள், இவரே வாங்கித் தின்றிருக்கலாம். கறுப்புத் துணி சுற்றியிருந்தாள். அழவில்லை. அவள் அழாததை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்கோவின் அக்காள் போமா அவளைத் தோளைப் பிடித்து ஏற்றி, பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தாள். தாய்மாமன் அட்டகோரா, குடும்பத்துக்குத் தலைவர், மற்றவர்களோடு பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினார்.

நிமோ சாவியைத் திருப்பினான். பஞ்சு மாதிரி ஓடியது. ஒபிரி முன்னிருக்கையில், இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்தார். மடியில் கனம், வழியில் பயம். சமதரையில் ஓடுகிற வரைக்கும் குறையில்லை. பின்னால் போமா மட்டும் அவ்வப்போது பேசினாள், மான்ஸாவுக்குக் கேட்கும்படி.

"தம்பிக்கு எல்லாம் தெரியும். போற வழியில சொல்லுவான்."

மான்ஸா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மாம்பொங் மேடு தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தூசி மண்டிய பள்ளம். நிமோ கியரைக் குறைத்து இன்ஜினை உறுமவிட்டான். இரண்டாவது வளைவில் ஒபிரியின் உள்ளங்கைக்கு என்னவோ தெரிந்தது. சத்தம் இல்லை. மூச்சு திணறுகிறது. மூன்றாவது வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. நிமோ பிரேக்கை இழுத்துப் பிடித்தான். பஸ்ஸிலிருந்து குதித்த ஒருவன் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

நிமோ சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் ஒரே சீராக, வழுக்கிக்கொண்டு சுற்றியது. அந்தச் சீரைக் கேட்டதும் ஒபிரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல இன்ஜின் அப்படிச் சுற்றாது. முட்டி முட்டித்தான் சுற்றும், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கித் தடுக்கிற தடுப்பு அது. இங்கே தடுப்பே இல்லை. அவர் ஊற்றிய பாகு ஆயில் மேட்டுச் சூட்டிலும் வேகத்திலும் கிண்ணங்களைப் புடைக்க வைத்துவிட்டது. வால்வுகளை மூடவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கிறது. வாய் திறந்தே இருந்தால் மூச்சு எப்படி நிற்கும்?

"விடுப்பா" என்று நிமோவின் காதில் சொன்னார். "என் ஆயில்தான். சும்மா விட்டா அழுத்தம் தானா இறங்கும். கால் மணியோ அரை மணியோ. அப்புறம் எடுத்துக்கும்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"அப்ப வாயை மூடிட்டு இரு மாஸ்டர். ஆயில் ஊத்தினோம்னு வெளிய போச்சு, இனி எவன் என் வண்டியில பொணம் ஏத்துவான்? உன்கிட்டதான் எவன் வருவான்?"

நியாயம்தான் என்று பட்டது ஒபிரிக்கு. வெட்கமாக இருந்தாலும் நிம்மதியாக இருந்தது. அரை மணி நேரம் வாயைக் கட்டினால் போதும், ஒருவருக்கும் நட்டமில்லை.

அதற்குள் போமா பின்கதவைத் திறந்து இறங்கி, சாலை நடுவே நின்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"தம்பி நின்னுட்டான். வரமாட்டேங்கிறான். பாருங்க எல்லாரும், எங்க வந்து நின்னுட்டான் பாருங்க."

பஸ் காலியானது. துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய நாற்பது பேர் வேனைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. யாரோ ஒருத்தி, "அன்னைக்கு ராத்திரி என்ன குழம்பாம்?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "கத்திரிக்காயும் மீனும்" என்று பதில் சொன்னாள், ஏற்கெனவே பலமுறை பேசியதைப் போல.

அட்டகோரா கைத்தடியோடு முன்னால் வந்தார். எழுபது வயது, நிதானமான மனிதர். கோபக்காரராக இருந்திருந்தால்கூட இவ்வளவு பயமிருக்காது.

"அவளை இறக்குங்க" என்றார்.

மான்ஸாவை இறக்கினார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒபிரிக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

"ஏம்மா, ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடு. உன் புருஷன் காத்துட்டு நிக்கிறான்."

"எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, பெரியவரே."

"சரி. அங்க போய் நில்லு. பாறைகிட்ட, தள்ளி. நீ இறங்கினப்புறம் வண்டி எடுக்குதான்னு பாப்போம். எடுத்துச்சுன்னா அவனே சொன்ன மாதிரி."

ஒபிரி கணக்குப் போட்டார். எடுக்கும். கண்டிப்பாக எடுக்கும். இன்னும் பத்து நிமிடத்தில், கால் மணியில், அவள் பாறையோரம் நிற்க, இன்ஜின் சமர்த்தாக எடுக்கும். அவ்வளவுதான், அவள் கதை முடிந்தது. வீட்டைவிட்டுத் துரத்துவார்கள். அவள் சுட்ட ரொட்டியை நாய்க்குக்கூடப் போடமாட்டார்கள். அவள் பிள்ளைகளைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் ஓடும். எல்லாம் இவர் ஊற்றிய அரை டப்பா ஆயிலில். ஒரு காலை வாங்கிய கை இப்போது ஒரு உயிரை வாங்கப் போகிறது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பொய் சொல்வானேன், மேட்டுக்குக் கீழே எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தும் பார்த்தார். பிறகு கருவிப் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, முன் பம்பருக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார்.

இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலு சிலிண்டர், நாலு தடுப்பு இருக்கவேண்டும். ஸ்பேனரை மாட்டி இழுத்தார். ஒன்று முட்டியது. அடுத்தது சும்மா வழுக்கியது. மூன்றாவது கொஞ்சம். நான்காவது வழுக்கல். இன்னும் ஆகவில்லை. தலைக்கு மேலே செருப்புக் கால்கள் வரிசையாக நின்றன. தூசி கண்ணில் விழுந்தது. மறுபடி சுற்றினார். ஒன்று, மூன்று, நன்றாக முட்டின. இரண்டாவதும் லேசாக முட்டத் தொடங்கியது.

"நிமோ, இப்ப எடுத்துப் பாரு" என்ற அட்டகோராவின் குரல் கேட்டது.

"திருப்பாதே" என்று ஒபிரி அடியிலிருந்து கத்தினார். "கை உள்ள மாட்டியிருக்கு. திருப்பினா கை போயிடும்."

கை எங்கேயும் மாட்டவில்லை. அவரேதான் வைத்துக்கொண்டிருந்தார். எடுத்தால் சாவி திரும்பிவிடும், அதனால் எடுக்காமல் படுத்துக்கிடந்தார். கோழையின் தந்திரம்தான், ஆனால் ஐந்து நிமிடம் கிடைத்தது. "மெதுவா எடு, மெதுவா" என்று வெளியே ஆலோசனை சொன்னார்கள். அவர் மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது மட்டும் முட்டுகிறதா, இல்லை இவர் ஆசைப்படுகிறாரா என்று தெரியவில்லை. மூன்று தடவை பார்த்தார். வியர்வையில் ஸ்பேனர் வழுக்கியது. மூன்று சிலிண்டரில் எடுக்கவும் எடுக்கும், எடுக்காமலும் போகும். இனிக் காத்திருந்தால் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்கள்.

வெளியே வந்து, எழுந்து, நேரே போய் நிமோவின் கைக்குக் கீழேயிருந்து சாவியை உருவிக்கொண்டார்.

"பெரியவரே, இந்த வண்டியை நிறுத்தினது செத்தவரு இல்ல. நான்." அவர் குரல் அவருக்கே கீச்சென்று கேட்டது. "டேப்பெட் தேஞ்சு சத்தம் போட்டுச்சு. உங்க ஆளுங்க கேட்டா பயப்படுவாங்கன்னு கியர் ஆயிலை ஊத்தி மறைச்சேன். அது மேட்டுல அடைச்சு இன்ஜினை நிறுத்திடுச்சு. இப்ப இறங்கிடுச்சு. அந்தம்மா இருந்தாலும் எடுக்கும், இல்லாட்டியும் எடுக்கும்."

நிமோ தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இவ உனக்கு என்ன உறவு?" என்றாள் போமா.

"ஒண்ணும் இல்லம்மா. இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அப்புறம் ஏன் அவளுக்காகப் பேசுற? எங்க தம்பியைப் பேசவிடாம ஏன் தடுக்குற?"

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. ஒபிரி பின்னால் நகர்ந்து வண்டிக் கதவில் முட்டிக்கொண்டார், எல்லாரும் பார்த்தார்கள். அட்டகோராவும் பார்த்தார்.

"நீ சொல்றது பொய்யா இருந்தா?" என்று கேட்டார்.

"அந்தம்மா கையில சாவியைக் குடுங்க. அவங்களே உக்காந்து திருப்பட்டும். எடுக்கலைன்னா அவங்களோட என்னையும் சேத்துக்குங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மான்ஸா பாறையோரத்திலிருந்து நகரவில்லை. ஒபிரி சாவியைக் கொண்டுபோய் நீட்டினார்.

"வேணாம் மாஸ்டர்" என்றாள் மெதுவாக. "எடுக்கலைன்னா?"

"எடுக்கும்மா."

"நிச்சயமா?"

நான்காவது சிலிண்டர் அவர் நினைவில் வழுக்கியது. "நிச்சயமா" என்றார்.

நிமோ இறங்கிய இருக்கையில் அவள் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டி. சாவியைத் துளையில் விட அவளுக்கு மூன்று தடவை பிடித்தது. திருப்பினாள். ஸ்டார்ட்டர் முட்டியது. மறுபடி முட்டியது. ஒபிரி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இருமிக்கொண்டு, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு, இன்ஜின் எடுத்தது. எடுத்ததும் டிக், டிக், டிக், டிக் என்று ஆயில் வடிந்த எட்டுக் கிண்ணமும் சேர்ந்து பாறையில் எதிரொலிக்க அடித்தன. நான்கு பேர் அலறிப் பின்வாங்கினார்கள். ஒபிரிக்கோ, அவர் வாழ்க்கையில் பயப்படாமல் கேட்ட முதல் டேப்பெட் சத்தம் அது.

அட்டகோரா நெடுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு போமாவைப் பார்த்து, "ஏறு. வெயில் ஏறுது" என்றார். மான்ஸாவுக்குக் கைத்தடியால் பின்பலகையைக் காட்டினார்.

மறுபடி அடைக்காதபடி நிமோ மெதுவாக ஓட்ட, ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் வண்டி தட்டிக்கொண்டேதான் போனது. டார்கோவைப் புதைத்தார்கள்.

திங்கட்கிழமை டேப்பெட் செட் வந்தது. "கெடுத்தவனே சரி பண்ணு" என்று நிமோ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு முகம் கொடுக்காமல் போனான். பிறகு வண்டியை எடுக்கவும் வேறு ஆளைத்தான் அனுப்பினான். பேட்டையில் ஒபிரிக்குக் 'கியர் ஆயில்' என்று பெயர் வைத்தாயிற்று. எதிர்க் கொட்டகைக்காரன் காலை வணக்கமே அப்படித்தான் சொன்னான். பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்கிற வாடிக்கைக்காரர்கள் வண்டியை வேறு கொட்டகைக்கு ஓட்டிப் போனார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல், இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றி, பழைய டேப்பெட்டுகளைப் பலகைமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது மான்ஸா வந்து நின்றாள். தனியாக வந்திருந்தாள். அதே கறுப்புத் துணி.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். நெசத்தைச் சொல்லணும்."

"சொல்லும்மா."

"அந்த ஆயில் கதை நெசமா? இல்ல என்னைப் பாத்துப் பாவப்பட்டுச் சொன்னீங்களா?"

ஒபிரி அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாளாக இவள் தூங்கவில்லை என்று தெரிந்தது. மேட்டில் நாற்பது பேர் நம்பியதை இவளும் நம்பியிருக்கிறாள்.

வரிசையிலிருந்து ஒரு டேப்பெட்டை எடுத்து அவள் எதிரே நிமிர்த்தி வைத்தார். "அமுக்கு. நடுவுல இருக்குற அந்தப் பொத்தானை. ரெண்டு கட்டைவிரலாலயும்."

அமுக்கினாள். கல் மாதிரி நின்றது. "அசையல."

"விடாதே. அமுக்கிட்டே இரு."

அவள் உடம்புப் பாரத்தையெல்லாம் விரலில் வைத்து நின்றாள். எதிர்க் கொட்டகையில் சுத்தியல் ஓய்ந்து மறுபடி தொடங்கியது. ரொம்ப நேரம் கழித்து விளிம்பில் கறுப்பாகத் தடித்த ஆயில் பொடித்தது. பொத்தான் அவள் விரலுக்கடியில் மயிரிழை மயிரிழையாக இறங்கியது. முழுக்க இறங்கிய பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை.

"அன்னைக்கு வேன் அடியில இதுக்குத்தான் படுத்துக் கிடந்தேன்" என்றார் ஒபிரி. "நாலாவது இறங்கிச்சான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியாதும்மா. உன்கிட்ட பொய்தான் சொன்னேன்."

மான்ஸா பிசுக்கான விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிணவறை வாசலில் வராத அழுகை இப்போது வந்தது.

"சண்டை போட்டோம் மாஸ்டர். தட்டை அவரு முன்னாடி வெச்சுட்டு, 'தின்னுட்டுச் சாவு'ன்னு சொன்னேன். அதுதான் நான் கடைசியாப் பேசினது."

ஒபிரியிடம் இன்ஜின் நின்றதற்குத்தான் காரணம் இருந்தது. பக்கத்தில் கிடந்த சுத்தமான துணியை எடுத்து நீட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையைத் துடைக்கவில்லை. அந்த டேப்பெட்டை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

"இதை நான் வெச்சுக்கட்டுமா? ராத்திரியில பயம் வந்தா அமுக்கிப் பாத்துக்குவேன்."

"அது இறங்கிடுச்சும்மா. இனி அமுக்கினா சும்மா உள்ள போகும்" என்றார் ஒபிரி. வரிசையில் இன்னும் இறங்காமல் இருந்த ஒன்றைத் தேடி எடுத்து, அதை அவளுக்குக் கொடுத்தார்.